நிலா நகருக்காக ஒரு பிராது

"தப்பில்லாம எழுதுங்க. சாமி படிச்சுப் பாக்கும்," என்றாள் மனைவி வாசுகி. முந்நூறு எபிசோடு எழுதித் தள்ளிய திலீபனுக்கு, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் நாலு வரி எழுதக் கை வரவில்லை.

பதினொரு வருடமாகச் சென்னையில் டி.வி.க்கு விண்வெளிக் கதைகள் எழுதித் தயாரித்தவன் அவன். சொந்த ஊரான விருத்தாசலத்திலிருந்து கரண்டு கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களை வரவழைத்து, அடுக்கி ஒட்டித்தான் ராக்கெட்டே செய்தான். சிரித்தார்கள், ஆனாலும் பார்த்தார்கள். போன வாரம் சேனல்காரர்கள் அவனுடைய 'நிலா நகர்' தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

தொடர் நின்றதும் போன் வருவதும் நின்றது. காலியான ஸ்டூடியோவில் நான்கு நாள் தனியாக உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள் சுவரோடு பேச ஆரம்பித்தவன், பயந்துபோய் ஊருக்கு பஸ் ஏறிவிட்டான்.

கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைப் பிராதாக எழுதிக் கட்டினால் சாமி கோர்ட்டு மாதிரி விசாரித்துத் தீர்த்துவைப்பார் என்பது ஊர் நம்பிக்கை. அங்கே போக வேண்டும் என்று அவன் சொன்னதுமே, பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் வரையும் வேலைக்கு வாசுகி லீவு சொல்லிவிட்டாள்.

'நிலா நகர் மறுபடியும் ஓட வேண்டும்' என்று எழுதி முடித்தான். வாசுகி அதை வாங்கி மடித்து நூல் சுற்றினாள். கோயிலுக்குள்ளேயே இருக்கும் முனியப்பர் சந்நிதி முன்னால் எங்கே கட்ட வேண்டும் என்றும், கேட்டது நடந்ததும் வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். உள்ளூர்க்காரிக்குத் தெரியாதா என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கட்டி முடித்துத் திரும்பியபோது, அவள் காதோரம் நரைத்திருப்பது கண்ணில் பட்டது. எப்போது நரைத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் பேச ஒரு ஆள் இல்லாமல் இத்தனை வருடம் எப்படி இருந்தாள் என்பதையும் அவன் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. தொடர் மறுபடி ஓடினால் இவளையும் சென்னைக்கு அழைத்துப் போய்விட வேண்டும்.

"செத்த நில்லுங்க. எனக்கு இங்க ஒரு வேலை இருக்குது," என்று அவள் கோயில் ஆபீஸ் ஜன்னலுக்குப் போனாள். அவனும் பின்னாலேயே போனான்.

போன மாதம் கட்டிய பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்றாள். வேண்டிக்கொண்டது நடந்துவிட்டதா என்று ஊழியர் அர்ச்சுனன் விசாரித்தார்.

"நடந்துடுச்சுங்க. சீரியல நிறுத்திட்டாங்க, வூட்டுக்காரரு வந்துட்டாரு."