ரோஸ்மேரி சொன்னது

சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்து என் மனைவி ரோஸ்மேரி இறந்துபோனாள். அவள் சம்பளத்தில்தான் நான் சாப்பிட்டேன் என்று நிரூபித்தால் இழப்பீடு கிடைக்கும் என்றார் தொழிலாளர் அதிகாரி.

எம்.ஏ.வில்கூட எனக்கு இவ்வளவு சுலபமான பரீட்சை வந்ததில்லை.

சாட்சிக்கு வீட்டுக்கார மருதம்மாளைக் கூட்டிப்போனேன். "தெரிஞ்சதைச் சொல்லுங்க, போதும்" என்றேன். வேலை தேடி நான் காலையில் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவேன்; ரோஸ்மேரி என்னைப் பற்றி அவரிடம்தான் தினமும் புலம்பியிருப்பாள். போதாததற்கு, இழப்பீடு வந்தால்தான் அவருக்கு நான் வாடகை பாக்கியைக் கொடுக்க முடியும்.

"இவர் வேலைவெட்டி இல்லாம இருந்தாராம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

மருதம்மாள் பதறிவிட்டார். "ஐயோ, இல்லீங்க! அருள்புரத்துல பனியன் கம்பெனி மேனேஜருங்க. அந்தப் புள்ள வாய் நெறயச் சொல்லுமுங்க. ஊட்டு வாடகையக்கூட, 'எங்க ஊட்டுக்காரர் குடுத்து விட்டாரு'ன்னுதான் நீட்டும்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"அப்ப உங்க மனைவி பொய் சொன்னாங்களா?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் பணம் வந்துவிடும். மருதம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். மேனேஜர்தான்" என்றேன்.

படிப்பை முடித்து ஐந்து வருடம் கழித்து, எனக்கு வேலை கிடைத்துவிட்டது.