நடத்தாத பாடம்

பதினோராம் வகுப்பு மொத்தமும் சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறது. ஒருத்தர் பாக்கியில்லை.

தலைமையாசிரியை பாடக் குறிப்பேட்டைப் புரட்டும்போதுதான் விஷயம் பிடிபட்டது. 'அமினோ அமிலங்களும் புரதங்களும்' என்ற பாடத்துக்கு நேரே உயிரியல் சார் 'முடிந்தது' என்று எழுதியிருந்தார். தான் லீவில் இருந்தபோது வந்த மாற்று டீச்சர் நடத்திவிட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்களாம், மனுஷர் மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டார். அந்த டீச்சருக்கு போன் போட்டால், "அந்தப் பாடத்தை நான் தொடவே இல்லையே மேடம்" என்கிறார்.

உயிரியல் சார் ஊர் சுற்ற லீவு போடவில்லை. பத்து வயது மகளைப் பறிகொடுத்துவிட்டு நாற்பது நாள் வீட்டில் கிடந்தார். ரத்தத்தில் ஏதோ பிறவிக் கோளாறு என்று பேசிக்கொண்டார்கள். என்ன ஏது என்று தலைமையாசிரியை துருவவில்லை. அவருக்கு ஆயிரம் வேலை. சார் திரும்பி வருவதற்கு ஒரு வாரம் முன்பே, வந்ததும் முதலில் புரதப் பாடத்தை நடத்த வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். வந்த அன்று இரண்டு வார்த்தை ஆறுதலும் சொன்னார். பரீட்சை யாருக்காகவும் காத்திருக்காது.

இப்போது அவருக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிற மனுஷரையா ஏமாற்றுவது? இது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலை.

வகுப்புக்குள் போனார். யார் முதலில் பொய் சொன்னது என்று கேட்டார். பாடமே நடக்கவில்லை என்பதை நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. அவர் கணக்கு டீச்சர். உயிரியல் புத்தகத்தை வாங்கி, அந்தப் பாடத்தின் கடைசிக் கேள்வியை, அதாவது பார்ப்பதற்கே கஷ்டமாக இருந்ததை, போர்டில் எழுதிப்போட்டார்: அரிவாள் செல் சோகை எப்படி உண்டாகிறது?

முப்பத்தெட்டு பேரும் குனிந்து எழுதினார்கள்.

தாள்களை வாங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். ஹீமோகுளோபின் என்பது ஒரு புரதம். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிகளால் ஆனது. ஒரு சங்கிலியில் ஆறாவதாகக் குளுட்டாமிக் அமிலம் நிற்க வேண்டும், அங்கே வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து நின்றால் ரத்தச் சிவப்பணு அரிவாள்போல வளைந்து, மெல்லிய குழாய்களில் சிக்கி உயிரை வாங்கும். எல்லாம் சரிதான். ஆனால் முப்பத்தெட்டு தாளிலும் கூடுதலாக ஒரு வரி இருந்தது: 'வேலின் பக்கத்துச் சங்கிலியின் சட்டையைப் பிடித்துக்கொள்ளும்.'

"எந்தச் சங்கிலிய்யா சட்டை போட்டிருக்கு?" என்றார். "ஒருத்தன் உளறினதை அத்தனை பேரும் காப்பி அடிச்சிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. வகுப்புத் தலைவி மெல்ல எழுந்தாள். காப்பி அடிக்கவில்லை என்றாள். படித்துப் பார்த்தும் புரியாததால் ஒரு வாரமாகச் சாப்பாட்டு இடைவேளையில் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசையாகக் கைகோத்து நின்றார்களாம். ஆளுக்கொரு அமினோ அமிலம். ஆறாவது இடத்தில், வேலினாக, ஒட்டடைக்குச்சி என்று பட்டப்பெயர் வாங்கிய ஒல்லிப் பையனை மாற்றி நிறுத்தியதும், அவன் பக்கத்து வரிசையில் ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுக்க, இரண்டு வரிசையும் கோணிக்கொண்டதாம். அதிலிருந்து யாருக்கும் மறக்கவில்லையாம். கடைசி பெஞ்சில் ஒட்டடைக்குச்சி தலையைக் குனிந்துகொண்டான்.

தலைமையாசிரியை கொஞ்சம் தடுமாறினார். ஆனால் பொய் பொய்தானே. நாளைக்கு எல்லோரும் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவர வேண்டும் என்றார். அதற்கு முன்னால் இன்னொன்று.

"அடுத்த பீரியட் சாரை வரச்சொல்றேன். எல்லாரும் மன்னிப்புக் கேளுங்க. அவர் இந்தப் பாடத்தை முதல் வரியிலேர்ந்து நடத்துவார். உட்கார்ந்து கேளுங்க."

அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த வகுப்பு அசைந்தது. முன் பெஞ்சில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

"வேண்டாம் மேடம்," என்றாள் வகுப்புத் தலைவி. "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வர்றோம். டி.சி. குடுத்தாலும் வாங்கிக்கிறோம். சாரை மட்டும் இந்தப் பாடத்தை நடத்தச் சொல்லாதீங்க."

"ஏன், அவருக்குத் தெரியாத பாடமா?"

"தெரியும் மேடம். எங்க எல்லாரையும்விட நல்லாத் தெரியும்." அவள் போர்டைத் திரும்பிப் பார்த்தாள். "பாப்பாவை ஆஸ்பத்திரியில பார்க்கப் போனப்ப சார்தான் நோயோட பேரைச் சொன்னாரு. அது நீங்க போர்டுல எழுதியிருக்கீங்களே, அதுதான் மேடம். பெத்த பொண்ணு எப்படிச் செத்தான்னு படம் போட்டு அவரே எங்களுக்கு விளக்கணுமான்னுதான், உங்க நோட்டீஸைப் பார்த்த அன்னிக்கே நாங்களா படிக்க ஆரம்பிச்சுட்டோம்."