வளைந்த கோடு

"இந்தக் கோடு ஏன் வளையுது?"

மெகாபோன் மேசையைத் தட்டிய தட்டில் நகராட்சி ஆணையரின் தண்ணீர் டம்ளர் துள்ளியது. கருவி இல்லாமலே ஊரைக் கூட்டும் குரல். அதனால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர்.

சுவரில் திட்ட வரைபடம். ரயில் நிலையம் கண்ணெதிரே இருந்தும், நடுவில் கார் ஷோரூம், கார் நிறுத்துமிடங்கள், மதில்கள். குடியிருப்புக்காரர்கள் அரைமணி நேரம் சுற்றித்தான் ரயில் பிடிக்க வேண்டும். இனி குறுக்கே ஒரு நடைத்தெரு, இருபுறமும் கடைகள், வீடுகள். எட்டே நிமிடம். இதற்காகப் பத்து வருடம் கத்தியவரும் மெகாபோன்தான்.

பச்சைக் கோடு நேராக வந்து, ஷோரூம் பக்கம் மட்டும் லேசாக வளைந்தது.

"முதலாளி வாசல் வந்ததும் கோட்டுக்கு இடுப்பு வளையுது, பாத்தீங்களா!"

கூட்டம் சிரித்தது. வரைந்த பெண் பொறியாளர் எழுந்தார்.

"ஐயா, நேரா போட்டா ஒரு வீடு இடிபடும். அதான்..."

"யார் வீடு? முதலாளியோட விருந்தினர் மாளிகையா?"

"ரெண்டு நிமிஷம் தனியா வாங்க, சொல்றேன்."

"தனியாப் பேசுற பழக்கம் எனக்கில்லம்மா. முப்பது வருஷமா கூட்டத்துலதான் பேசுறேன். எவ்வளவு கைமாறுச்சு? அதையும் கூட்டத்துலயே சொல்லு!"

பொறியாளரின் முகம் வெளிறியது.

"படத்தை ஒரு தடவை முழுசாப் பாருங்கய்யா."

"வளைவைப் பாத்தாச்சு, போதும். எந்தக் கொம்பன் வீடா இருந்தாலும் கோடு நேராத்தான் போகணும்!"

முதலில் கைதட்டியவர் ஷோரூம் முதலாளி. பயத்தில் தட்டுகிறான் என்று மெகாபோன் மீசையைத் தடவிக்கொண்டார்.

கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல் ஆணையர் அளவுகோலை வைத்தார். வளைவை அடித்தார். நேராக ஒரு சிவப்புக் கோடு. கீழே கையெழுத்து.

"இதான் இறுதி. போதுமா?"

மெகாபோனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டு வாசலிலேயே குரல் கொடுத்தார்.

"ஜெயிச்சாச்சு! கையெழுத்தாயிடுச்சு!"

அடுப்படியிலிருந்து மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"அப்பாடா! இனி இந்த முட்டிவலியோட நானும் நடந்தே ரயில் ஏறிடுவேன். அந்தப் பொறியாளர் பொண்ணு வந்திருந்துச்சா?"

"அவளை உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க மறியலுக்குப் போயிருந்தப்போ வந்து நம்ம அடுப்படிச் சுவரை மூணு தடவை அளந்துச்சே! கோடு நேரா வந்தா நம்ம வீட்டு மேலதான் வருதாம். 'மனுஷங்க இருக்கிற எடத்தை இடிக்கிறதுக்குப் பதிலா, பக்கத்து ஷோரூம்ல காருங்க நிக்கிற எடத்துல கொஞ்சம் எடுத்துக்கலாம்மா, கோட்டை அந்தப் பக்கம் வளைச்சிடுறேன்'னுச்சு."

மெகாபோன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்டகூடச் சொல்லவேண்டாம்னுச்சுங்க. வெளியே தெரிஞ்சா, தன் வீட்டுக்காக வளைக்க வச்சார்னு உங்க பேர் கெட்டுப்போகுமாம். யார் வீடுன்னு யார் கேட்டாலும் கூட்டத்துல வாயே திறக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போச்சு."

அவர் அடுப்படிச் சுவரை எட்டிப் பார்த்தார்.

"ஏங்க... அந்தப் பொண்ணுக்கு ஒரு நன்றியாவது சொன்னீங்களா?"