ஆஸ்பத்திரி செட்

படப்பிடிப்பு பார்க்க வந்த ஊடகவியல் வகுப்பு மொத்தமும் மூச்சடக்கி நிற்கிறது. சீரியலுக்காகப் போட்ட ஆஸ்பத்திரி அறையில், வெள்ளை விளக்கொளியில், அப்பா வேடக்காரர் மகளின் கையைப் பிடித்தபடியே தலை சாய்க்கிறார். போன வருஷம் இதே மாதிரிக் கட்டிலில் அப்பாவைப் பறிகொடுத்த மாணவி, கடைசி வரிசையில் பையின் வாரை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். "கட்! நிழல் விழுது, இன்னொரு டேக்" என்கிறார் டைரக்டர். செத்தவர் எழுந்து உட்கார்ந்து, "எத்தனை தடவைப்பா சாகுறது? ஒரு டீயாவது குடுங்க" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளும்தான். மறுபடி சாகிறார், மறுபடி எழுகிறார். அவர் எழும்போதெல்லாம் அவள் மனசு லேசாகிறது. கடைசியில் "ஓகே!" என்றதும் வகுப்பே கைதட்டுகிறது. விளக்குகள் அணைய, அவர் டீக்கோப்பையோடு வெளியே போகிறார். "ஏண்டி, நீ தட்டல?" என்கிறாள் தோழி. காலிக் கட்டிலைப் பார்த்தபடி, "இன்னும் ஒரு தடவை எடுத்திருக்கலாம்" என்கிறாள் அவள்.