ஒரே ஒரு சக்கரம்

சைக்கிள் கடைக்குள்ள காலை வைக்கும்போதே என் மருமகளுக்கும் மெக்கானிக்குக்கும் முட்டிக்கிச்சு.

"மோட்டார்ல ஒண்ணும் இருக்காது மேடம். நீங்க ஓட்டற லட்சணம் அப்படி இருக்கும்."

"நான் ஓட்டி நீங்க எப்ப பாத்தீங்க?"

"பாக்கணுமா? பின்னாடி இருக்கற பெட்டியே சொல்லுதே. அதுல என்ன, கல்லா ஏத்தறீங்க?"

"ரத்தம்."

மனுஷன் ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டாரு. நான்தான் நடுவுல பூந்தேன். "பரிசோதனைக்கு வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்கறவப்பா. நேரத்தோட லேபுக்குக் கொண்டு சேக்கணும். எங்க ஏரியா பூரா மேடு."

எனக்கு அங்க என்ன வேலைன்னா, பக்கத்துக் கடையில என் மூக்குக்கண்ணாடிக்குக் காது மாட்ட வேண்டியிருந்துச்சு. கண்ணாடி மேல உக்காந்தது எங்க வீட்டுக்காரர். கண்ட இடத்துல வெச்சேன்னு பழி எம்மேல.

சைக்கிளுக்கு வரேன். எலக்ட்ரிக் சைக்கிள், பின் சக்கரத்துக்கு நடுவுல மோட்டார். முறுக்கினா போகணும். இது நின்ன இடத்துலயே குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். யாராவது ஒரு தள்ளு தள்ளினா போகும். வாரண்டி இந்த வாரத்தோட முடியுது.

வாரண்டின்னா எங்க வீட்டுக்காரருக்கு உயிர். வாங்கின சாமான் ஒவ்வொண்ணோட அட்டைப்பெட்டியும் பரண்ல இருக்கும். மிக்ஸி மண்ணாப் போயாச்சு, பெட்டி மட்டும் புதுசு மாதிரி இருக்கு. ஒரு நாள் அதுவே அவர் தலையில விழுந்து ரெண்டு தையல். சரி, அதை விடுங்க.

மெக்கானிக் பேட்டரியைப் பாத்தாரு. நல்லா இருக்குன்னாரு. அப்புறம் பிரேக்குக்கு வந்தாரு.

"பிரேக்கை லேசாப் பிடிச்சாலே மோட்டார் நின்னுடும். பிடிச்சுக்கிட்டே முறுக்கறீங்களா?"

"எனக்கு ரெண்டு கை இருக்கு. ரெண்டுக்கும் அதுஅது வேலை தெரியும்."

சிரிக்கவே இல்ல மனுஷன். ஒயரைக் கழட்டினாரு, ஊதினாரு, திரும்ப மாட்டினாரு. முறுக்கினா அதே நடுக்கம். வாரண்டியில மாத்திக் குடுக்க மனசு வராம இழுத்தடிக்கறான்னு எனக்கு உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வந்துச்சு.

கடைசியா மீட்டரை வெச்சுக்கிட்டு, சக்கரத்தைக் கையால மெல்ல மெல்ல சுத்தினாரு.

"உள்ள மூணு சென்சார். சக்கரம் எங்க நிக்குதுன்னு அதுங்க சொன்னாத்தான் மோட்டார் கிளம்பும். ஒண்ணு செத்துப் போச்சு. சக்கரத்தோட மாத்தணும்."

"வந்ததுலேருந்து மோட்டார்தான்னு நானும் சொல்றேன்."

"நீங்க சொன்னா கம்பெனி குடுக்காது மேடம். நான் பாத்துச் சொல்லணும்."

உள்ள போய் ஒரு புதுச் சக்கரத்தைத் தூக்கிட்டு வந்தாரு. "இந்த மாடலுக்கு இது ஒண்ணுதான் கையில இருக்கு. அடுத்தது வர ஒரு மாசம் ஆகும்."

அதைக் கேட்டதும் வாசல்ல காத்துக்கிட்டிருந்த ஒருத்தர் சைக்கிளைத் திருப்பினாரு. தெருத்தெருவாப் போய் பூட்டு ரிப்பேர் பண்றவர். ஹேண்டில்ல சாவிக்கொத்து தொங்குது. அதே மாடல் சைக்கிள். ஒரு கால்ல பலமே இல்ல, மிதிக்க முடியாது. எங்கேருந்தோ தள்ளிக்கிட்டே வந்திருக்காரு, சட்டையெல்லாம் வேர்வை.

மெக்கானிக் போய்க் குனிஞ்சு மோந்து பாத்தாரு. "கருகின வாசனை வருது. இதுவும் மோட்டார்தான்."

"அண்ணே, இந்தச் சக்கரத்தை நீங்க மாட்டிக்கோங்க. நான் அப்புறம் பாத்துக்கறேன்"னா என் மருமக.

"அதெல்லாம் வேண்டாம்மா. நீதானே முதல்ல வந்தே. உனக்கும் பொழப்பு இருக்குல்ல? நான் அடுத்த மாசம் வரேன்." பிடிவாதமா நகர ஆரம்பிச்சுட்டாரு.

"ஒரு நிமிஷம் நில்லுங்கண்ணே"ன்னு சொல்லிட்டு, இவ தன் சைக்கிளை ஒரு தள்ளு தள்ளி ஏறித் தெருவை ஒரு சுத்து சுத்தி வந்தா.

"நல்லா ஓடுதே. ஒயரைக் கழட்டி மாட்டினீங்கல்ல, அதுலயே சரியாயிருக்கு. எனக்குச் சக்கரம் வேண்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மெக்கானிக் அவளை ஒரு பார்வை பாத்தாரு. அப்புறம் தெருவுக்கே கேக்கற மாதிரி ஒரு பிடி பிடிச்சாரு பாருங்க.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா? ஓட்டத் தெரியாது, பழி மட்டும் மோட்டார் மேல. என் வேலையெல்லாம் கெட்டுது. நீங்க குடுத்த புகாரை மூடிடறேன். நாளைக்கு வந்து வாரண்டி, அது இதுன்னு நிக்காதீங்க."

ஒரு வார்த்தைக்கு ஒம்போது வார்த்தை திருப்பிக் குடுக்கறவ, வாயே திறக்கல. பூட்டுக்காரர்தான் பாவம், "விடுங்க தம்பி, தெரியாமத்தானே சொல்லுச்சு"ன்னு சமாதானம் பண்ணினாரு. பண்ணிட்டு, தன் சைக்கிளைக் கடைக்குள்ள ஏத்தினாரு.

நாங்க கிளம்பினோம். தெருமுனையில மேடு ஆரம்பிச்சுது. மருமக ஏறி உக்காந்து முறுக்கினா. அதே குளிர் ஜுரம். இறங்கித் தள்ள ஆரம்பிச்சா.

"ஏண்டி, நாளைக்கு எப்படி வேலைக்குப் போவே?"

"மிதிக்கக் கால் இருக்குல்ல அத்தை. கொஞ்சம் முன்னாடியே கிளம்பறேன்."

"வாரண்டியும் போச்சே."

"போகட்டும் அத்தை. வாங்க."

சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே தள்ளினா. என்னதான் சொல்லுங்க, மோட்டார் விலை சும்மாவா?

பின்னாடி மணிச் சத்தம். பாத்தா அந்த மெக்கானிக், மூச்சிரைக்க மிதிச்சுக்கிட்டு வராரு. இன்னும் திட்டு பாக்கியிருக்கு போலன்னு நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னாடி போய் நின்னேன்.

அவர் என்னைத் தாண்டி அவகிட்ட சொன்னாரு. "புகாரை நான் மூடலைக்கா. செத்த சென்சார் ஒரு சுத்து ஓட்டினா பிழைச்சு வருமா? மோட்டார் போச்சுன்னு இப்பவே கம்பெனிக்குச் சொல்லியாச்சு. இனி எப்ப வந்தாலும் அடுத்த சக்கரம் உங்களுக்குத்தான்."

"அது சரி," நான் விடல. "அப்புறம் எதுக்குப்பா அத்தனை பேர் முன்னாடி அவளை அந்தத் திட்டு திட்டினே?"

"திட்டலேன்னா பூட்டுக்காரர் நம்பியிருப்பாரா பெரியம்மா? தள்ளிக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பாரு."