ஒன்பதாம் நம்பர்

"அந்த ஒன்பதாம் நம்பரைத் தூக்கி மொதல்ல வெளிய உக்கார வைக்கணும்! ஆறு மேட்சுல ஒரு கோல் இல்ல..."

"பேசாம இரு சுந்தரி! அவன் இல்லாட்டி இந்த டீமே..."

"சம்பளம் மட்டும் கோடி! கோச்சுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

டிவியில் கால்பந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த கோட்டைச்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீமின் முகநூல் பக்கத்திலும் ஒரு மாதமாக எவனோ 'செக்காலை சிங்கம்' என்ற பெயரில் இதையேதான் எழுதுகிறான். இவரும் விடாமல் திட்டிப் பதில் போடுகிறார். வீட்டிலும் இதே பாட்டா?

இடைவேளையில் மனைவி கல்யாணசுந்தரி அடுப்படிக்குப் போனாள். சோபாவில் அவள் போன் திறந்தபடி கிடந்தது. காலையில் இவர் எழுதிய திட்டுக்குச் செக்காலை சிங்கத்தின் பதில், பாதி அடித்தபடி நின்றது.

"நீதானா அது?" கத்தினார். "பெத்த பிள்ளையை வெளிய தள்ளச் சொல்லி ஊரறிய எழுதுறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

டிவியில் ஒன்பதாம் நம்பர் இடது காலை லேசாக இழுத்தபடி மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தான்.

கரண்டியோடு வந்து நின்ற கல்யாணசுந்தரி திரையையே பார்த்தாள்.

"முட்டி மரத்துப்போக ஊசி போட்டுத்தான் இறக்குறாகளாம். மருமக போன்ல அழுவுறா. அப்பா பெருமையா பாத்துக்கிட்டு இருப்பாகன்னு அவன் வலியை வெளிய சொல்லவே மாட்டேங்கிறானாம். நான் வேற எப்படித்தான் அவனை உக்கார வைக்கிறது, சொல்லுங்க?"