யார் அந்த எக்ஸ்?

"இன்னிக்கு அந்த இளவழகன் சட்டையப் புடிக்காம விடமாட்டேன்!" நன்னிலத்திலிருந்து வந்த வைரக்கண்ணு, தஞ்சாவூர் அலுவலகத்துக்குள் நுழையும்போதே கத்தினார்.

அறுவடை மிஷினை வரிசைப்படி வயல்களுக்கு அனுப்பும் ஆப்பை எழுதியவன் இளவழகன். வரிசையில் முதலில் நின்ற வைரக்கண்ணுவை விட்டுவிட்டு மிஷின் வேறெங்கோ போய்விட்டது. அதற்குள் மழை பிடித்து, அவருடைய சம்பா பயிர் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது.

"எத்தனையோ விவசாயிங்க போன் நம்பரைப் போட்டுப் பாத்துட்டோம். வரிசை சரியாத்தானே வருது?" என்றார் முதலாளி அமிர்தலிங்கம்.

"அப்படிப் பாத்தா மாட்டாது சார்," என்றாள் புதிதாகச் சேர்ந்திருந்த டெஸ்டர் எழில்மொழி. "நான் நம்பருக்குப் பதிலா எக்ஸ்னு வச்சேன்."

"எக்ஸா? எந்த ஊருக்காரன்மா அவன்?" வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஆள் இல்லீங்க ஐயா, வெறும் எழுத்து. புரோகிராம் எங்கெல்லாம் ரெண்டாப் பிரியுதோ, அங்கெல்லாம் இந்த டூல் ரெண்டு பக்கமும் போய்ப் பாக்கும். இந்தப் பக்கம் வரணும்னா எக்ஸ் என்னவா இருக்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்லிடும். சிம்பாலிக் எக்ஸிக்யூஷன்னு பேரு."

"சொல்லிச்சா?" என்றார் அமிர்தலிங்கம்.

"சொல்லிச்சு சார். ஒரு பாதையில வரிசையப் பாக்காமலே மிஷின் போகுது. அதுக்கு ஒரே ஒரு போன் நம்பர்தான் பொருந்துது. புரோகிராம்ல அதை நேரா எழுதாம, ஒரு கணக்குக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க."

மூலை மேஜையிலிருந்து இளவழகன் அவசரமாக எழுந்து வந்தான். "சார், இதைத் தனியாப் பேசிக்கலாமே..."

"என்னடா தனியா? இவரு பயிர் போச்சுல்ல? இவரு முன்னாடியே அந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேக்குறேன். யாரு அது, உன் கூட்டாளியா?"

"உங்க நல்லதுக்குத்தான் சார் சொல்றேன். போன் போடாதீங்க."

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வராத!"

அமிர்தலிங்கம் அலுவலக போனை இழுத்தார். எழில்மொழி எண்ணைச் சொல்லச் சொல்ல, கோபத்தோடு ஒவ்வொன்றாகக் குத்தினார். வைரக்கண்ணுவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

இளவழகன் கண்களை மூடிக்கொண்டான்.

மறுமுனையில் உற்சாகமான குரல்:

"சொல்லுங்க மாப்ளே! எம் பொண்ணு சொல்லி வச்ச மாதிரியே மொத மிஷின் நம்ம வயலுக்குத்தான் வந்துச்சு!"